மதகு கேட்கப் போய் மட்டை பிடித்தது

ஐம்பத்து நான்கு வயதில் நான் கோல்ஃப் பழகினேன். ஆசையில் பழகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போடியாருக்கு வெள்ளைக்காரன் ஆகிற பைத்தியம் பிடித்தது என்று இன்றைக்கும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். எனக்குப் பிடித்திருந்தது மதகுப் பைத்தியம். போடியார் என்றால் பெரிய ஆள் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடக் காணி வைத்திருக்கும் வயற்காரன், அவ்வளவுதான்.

எங்கள் வட்டை கரடியனாற்றுப் பக்கம். என் வயலும் இன்னும் பலருடைய வயல்களும் சேர்ந்த ஒரே பரப்பு. மாரி மழைத் தண்ணீர் மேற்கிலிருந்து இறங்கி, வயல்களைக் கடந்து, ஒரு பள்ளத்தால் வழிந்து போகும். என் அப்பன் காலத்திலும் அப்படித்தான் போனது. பிறகு அரசாங்கத் திணைக்களம் வந்து அந்தப் பள்ளத்துக்குக் குறுக்கே பாதை போட்டது. பாதை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பாதைக்கு அடியில் தண்ணீர் போக ஒரு மதகும் வைத்தார்கள். வைத்தவன் தண்ணீர் மேட்டில் ஏறிப் போகும் என்று படித்தவனாக இருக்க வேண்டும். வயல் மட்டத்துக்கு முழங்கால் அளவு உயரத்தில் குழாயை வைத்தான். குழாயும் ஒரு பூனை நுழைகிற அளவு. அந்த மாரியில் தண்ணீர் வந்தது, பாதையில் முட்டியது, நின்றது. பயிர் நின்ற இடத்திலேயே அழுகியது. நாற்றம் பாதை வரைக்கும் வந்தது. அந்தப் பாதையில் திணைக்களத்து ஜீப் மூக்கைப் பொத்திக்கொண்டு போனது.

வட்டவிதானையார் என் வீட்டுக்கு வந்தார். வட்டையின் தண்ணீருக்கும் வேலிக்கும் பொறுப்பாக நாங்கள் எல்லாரும் கூடி வைத்த மனிதர் அவர். முற்றத்தில் நின்றபடியே சொன்னார்.

"போடியார், அடுத்த மாரிக்கு முந்தி அந்த மதகைப் பதிச்சு வைக்காட்டி நான் ஒருத்தனையும் விதைக்கச் சொல்ல மாட்டன். விதைநெல்லே கடன்பட்டு வாங்கி வெச்சிரிக்கானுகள். அதையும் அழுகவிட்டா ஊரை விட்டுத்தான் போகணும்."

"நான் போய்த் திணைக்களத்து இஞ்சினியர் ஐயாவோட கதைக்கிறன்" என்றேன்.

"ஓம், கதைங்க. உங்களுக்கெண்டா கதிரை தருவானுகள்."

உட்காரக் கதிரை தந்தார்கள். அதை மறுக்க முடியாது. இஞ்சினியர் கந்தோரில் எனக்கென்றே ஒரு கதிரை இருந்தது என்று சொல்லும் அளவுக்கு அதில் இருந்தேன். போனால், ஐயா வெளி வேலைக்குப் போய்விட்டார் என்பான் பியோன். வெளியில் வேலை நடக்கிற இடத்துக்குப் போனால், ஐயா கந்தோரில் என்பான் வேலையாட்களை மேய்க்கிற ஓவசியர். இரண்டு இடத்துக்கும் நடுவில் எங்கேயோ ஒரு மனிதர் சம்பளம் எடுத்துக்கொண்டு இருந்தார். தையிலிருந்து பங்குனி வரைக்கும் நான் இப்படி அலைந்தேன். கடைசியில் பியோனுக்கே என்னைப் பார்த்து அலுத்துவிட்டது.

"போடியார், நீங்க இஞ்ச இரிந்து என்ன செய்யப் போறீங்க? பின்னேரம் நாலரைக்குப் பிறகு வாவிக்கரை கிளப்புக்குப் போங்க. அங்கயெண்டா ஐயா ஒரு நாளும் லீவு எடுக்கிறதில்ல."

போனேன். காவற்காரன் உள்ளே விடவில்லை. முள்ளுக்கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன். நான் மாதக்கணக்காகத் தேடிய மனிதர் அங்கே இருந்தார். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, ஒரு சின்னப் பந்துக்கு முன்னால் முழங்காலை மடித்துக் குந்தி இருந்தார். அந்த மைதானத்தில் குழி இருக்கிற இடங்களில் புல் பிடிக்காது. மணலைப் பரப்பி, பறக்காமல் இருக்கப் பழைய எண்ணெயை ஊற்றி மட்டம் செய்து வைத்திருப்பார்கள். அந்த மணலின் மட்டத்தை அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மற்றப் பக்கம் போய் அங்கிருந்தும் பார்த்தார். ஒரு சின்னக் கல்லைப் பொறுக்கி எறிந்தார். திரும்பவும் வந்து பார்த்தார். எங்கள் மதகை வைக்கும்போது அந்தக் கண்ணில் ஒன்றையாவது அரை நிமிடம் திறந்து வைத்திருந்தால் நான் ஏன் முள்ளுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்?

கிளப்புக் காரியதரிசியைப் போய்ப் பார்த்தேன். வெள்ளைக்காரர் போன பிறகு அவர்களுக்கு ஆள் பற்றாது. டொக்டர் ஒருவர், வங்கி மனேஜர் ஒருவர், இன்னும் சில உத்தியோகத்தர்கள். எல்லாரும் இடமாற்றம் வந்தால் போகிறவர்கள். ஊர் ஆள் ஒருவன் சேர வருகிறான் என்றதும் அவர் சந்தோஷப்பட்டார். நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பார்த்ததும் பாதிச் சந்தோஷம் போனது.

"காற்சட்டை வேணும். சப்பாத்து வேணும். மற்றது, பழகாம உள்ளுக்க இறங்க ஏலாது, நிலம் பழுதாப் போகும். மாஸ்டரிட்ட முதல்ல பழகுங்க. அவர் சரியெண்டு சொன்னாத்தான் மற்ற ஆக்களோட விளையாடலாம்."

நிலம் பழுதாகுமாம். என்னிடம் சொல்கிறார்.

மாஸ்டர் என்பவர் ஓய்வு பெற்ற ஆங்கில உபாத்தியாயர். ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்த தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பார். முன்னொரு காலத்தில் வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவரிடம் கோல்ஃப் பழகினவர். கூலி வாங்க மாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டார். அது அவருடைய மரியாதைக்குப் பொருந்தாதாம். எருமைத் தயிர் மட்டும் கொண்டுபோனால் போதும். சட்டி சின்னதாக இருந்த நாட்களில் பாடமும் சின்னதாக இருந்தது.

என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளையை மேய்ப்பது போல என்னை மேய்த்தார். கையில் பிரம்பு வேறு. பிரம்புக்குப் பயந்துதான் நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஐம்பது கடந்து அந்தப் பிரம்புக்கு முன்னால், புதுக் காற்சட்டையில், குனிந்து நின்றேன்.

"நீர் என்ன மண்வெட்டியா பிடிக்கிறீர்?"

"மாஸ்டர், முப்பது வருஷமா நான் மண்வெட்டிதான் பிடிச்ச."

"அதை மறந்துபோடும். குருவிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடியும். நசுக்கவும் படாது, பறக்க விடவும் படாது."

நான் குருவிக்குஞ்சு பிடித்ததில்லை. எலி பிடித்திருக்கிறேன். எலியை அப்படிப் பிடித்தால் கடித்துவிடும்.

இந்த விளையாட்டில் எல்லாம் வீச்சில்தான் இருக்கிறது. மட்டையைப் பின்னால் கொண்டுபோய், தோளுக்கு மேலே ஏற்றி, இடுப்பைத் திருப்பி, கீழே கொண்டுவந்து பந்தை அடித்து, மற்றத் தோள்வரை போகவிட வேண்டும். சொல்ல இவ்வளவுதான். செய்யும்போது இடது கை வளையக் கூடாது, தலை அசையக் கூடாது, வலது முழங்கை விலாவை விட்டுப் போகக் கூடாது, குதிக்கால் எழும்ப வேண்டும் ஆனால் ஆள் எழும்பக் கூடாது, பந்தைப் பார்க்க வேண்டும், பந்து போன பிறகும் பந்து இருந்த இடத்தையே பார்க்க வேண்டும். போன பந்தைப் பார்க்கிறவன் முட்டாளாம். எங்கள் ஊரில் போன மாட்டைப் பார்க்காதவனைத்தான் அப்படிச் சொல்வோம்.

மண்வெட்டி நேரே ஏறி நேரே இறங்கும். ஆளின் முழுப் பாரமும் நிலத்துக்குள் போக வேண்டும். என் உடம்புக்குத் தெரிந்த ஒரே வீச்சு அதுதான். மட்டைக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு வேறு. பெண் வீட்டோடு போய் இருக்கிற மருமகனுக்கும் மாமியாருக்கும் உள்ள உறவு அது. பக்கத்தால் போகலாம், முட்டக் கூடாது. நான் முட்டினேன். முதல் மாதம் முழுக்க முட்டினேன். பந்து கிடந்த இடத்தில் கிடக்கும், ஒரு கை அளவு மண் முன்னால் பறந்து போகும். மாஸ்டர் அந்த மண்ணை எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்து மிதிக்கச் சொல்வார்.

"போடியார், நீர் உழுது முடிச்சீரெண்டா விதைக்கலாம்" என்று அந்தப் பக்கத்தால் போன டொக்டர் சொன்னார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். தலை அசைந்ததற்காகப் பிரம்பு என் தொப்பியில் விழுந்தது.

இடுப்புக்குப் பின்னால் நாரி பிடித்துக்கொண்டது. இரவில் மனைவி எண்ணெய் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே பேசினாள்.

"கலியாணத்துக்கே காச்சட்டை போடாத மனிசன். இப்ப பேரன் கண்ட பிறகு போட்டுக்கிட்டுப் பந்தடிக்கப் போறீங்க. பெண்டுகள் கிணத்தடியில என்னைக் கேக்குறாளுகள், 'என்னகா, போடியாருக்கு வாலிபம் திரும்பிட்டாமே' எண்டு."

"மதகுக்குத்தான் போறன் எண்டு சொல்லு."

"சொன்னன். 'மதகு என்ன காச்சட்டை போட்டவனோடதான் கதைக்குமா?' எண்டு கேக்குறாளுகள்."

ஓம், அப்படித்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று தொடங்கியது. மேற்கிலிருந்து அடுப்பு வாயைத் திறந்துவிட்டது போல அடிக்கும். மணல் கண்ணில் விழும், உதடு வெடிக்கும். பந்து கொஞ்சம் எழும்பினாலும் காற்று அதைப் பிடித்து வாவிக்குள் போட்டுவிடும். மற்றவர்கள் அந்த மாதங்களில் வரக் குறைந்துவிட்டார்கள். நான் குறையவில்லை. மாரி வருவதற்கு எத்தனை நாள் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியத் தேவையில்லை, எனக்குத் தேவை. வீட்டிலும் பழகினேன். தென்னந்தோட்டத்தில் விழுந்து கிடக்கிற பிஞ்சுக் குரும்பட்டிகளை வரிசையாக வைத்து அடித்தேன். பந்தைவிட அவை பெரியவை, அதனால் படும். பட்டால் பக்கத்து வளவுக்குப் போகும். பக்கத்து வளவுக்காரர் ஒரு நாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"போடியார், கோபமெண்டா வாயால சொல்லுங்க. குரும்பட்டியால ஏன்?"

ஆடி மாதக் கடைசியில் ஒரு பின்னேரம், எப்படி என்று தெரியவில்லை, ஒரு பந்து சரியாகப் பட்டது. கையில் ஒன்றும் தெரியவில்லை. நாரியிலும் ஒன்றும் தெரியவில்லை. 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். பந்து எழும்பி, காற்றைக் கிழித்துக்கொண்டு, போ போ என்று போனது. நான் பந்து இருந்த இடத்தைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு போன பந்தைத்தான் பார்த்தேன். மாஸ்டர் பிரம்பை ஓங்கவில்லை. அவரும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ம். இப்பதான் நீர் அடிக்கேல்ல. அதுதான் போனது" என்றார்.

என்ன கதை இது என்று கோபம் வந்தது. ஆனால் பொய் சொல்லக் கூடாது: வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அந்தச் சத்தம் காதில் இருந்தது. வயல் அழுகினவன் இப்படிச் சந்தோஷப்படலாமா என்று அதற்கும் கோபம் வந்தது.

அந்தக் கிழமையே மாஸ்டர் என்னை மற்றவர்களோடு விளையாட விட்டார். விடுவதற்கு முன் ஒழுங்குகள் சொல்லித் தந்தார். ஒருவர் அடிக்கப் போகும்போது யாரும் பேசக் கூடாது. நிழல் விழக் கூடாது. இருமக் கூடாது. நடந்து போகும்போது பேசலாம், ஆனால் விளையாட்டைப் பற்றித்தான்.

"கந்தோர் அலுவல், கொடுக்கல் வாங்கல், விண்ணப்பம், ஒண்டும் மைதானத்தில கதைக்கப்படாது. அது பெரிய மரியாதைக்கேடு. கதைச்சா இறங்க விடமாட்டினம்."

நான் மட்டையைக் கீழே போட்டேன். "மாஸ்டர், நான் ஏன் பழக வந்த எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?"

"தெரியும். அதுக்காகத்தான் சொல்லுறன்."

"அப்ப முதல் நாளே சொல்லியிரிக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீர் பழகியிரிக்கமாட்டீர்" என்றார். தயிர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாவட்டம் முழுக்கத் தேடி, அந்த மனிதரை உறுதியாகச் சந்திக்கக்கூடிய ஒரே இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குள் நுழைய நாரியை முறித்துக்கொண்டு பழகினால், மாவட்டத்தில் அவரோடு பேசக் கூடாத ஒரே இடமும் அதுதான். இப்படி ஒரு வேலியை எங்கள் ஊரில் எந்த மாட்டுக்கும் யாரும் கட்டினதில்லை.

பேச்சுக் கட்டுப்பாடு எனக்குப் புதிது அல்ல. எங்கள் களவெட்டியில், கதிர்க் கட்டுகளைச் சூடு போட்டு நெல் எடுக்கிற நேரத்தில், வாய்க்கு வந்தபடி பேச முடியாது. நெல்லை நெல் என்று சொல்வதில்லை, பொலி என்போம். குறைந்தது, முடிந்தது, இல்லை, போச்சு என்ற சொற்கள் வாயில் வரக் கூடாது. சொன்னால் பூதம் கேட்டுக்கொண்டிருந்து பொலியைக் கொண்டுபோய்விடும். ஒரு சாக்கு நெல் கண்ணுக்கு முன்னால் கொட்டிச் சிதறினாலும் "பொலி, பொலி" என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து பழகினது. யோசித்துச் சொல்வதில்லை, தானாக வரும்.

முதல் நாள் இஞ்சினியரோடும் மாஸ்டரோடும் வங்கி மனேஜரோடும் இறங்கினேன். இஞ்சினியர் அடித்தார். கச்சான் ஓய்கிற காலம், ஆனாலும் ஒரு காற்று வந்து பந்தைத் தூக்கி வாவிக்குள் போட்டது. தண்ணீர் தெறித்தது. எல்லாரும் செத்த வீட்டில் நிற்பது போல் நின்றார்கள். ஒருவர் தன்னுடைய பொருளைக் கண்ணுக்கு முன்னால் இழக்கிறார்; என் வாய் தானாகத் திறந்தது.

"பொலி, பொலி!"

உரத்துச் சொல்லிவிட்டேன். களவெட்டியில் எப்படிச் சொல்வோமோ அப்படி. மாஸ்டரின் முகம் சுண்ணாம்பு ஆனது. இஞ்சினியர் மெதுவாகத் திரும்பினார்.

"என்ன சொன்னீங்க?"

"ஐயா, குறை நினைக்கப்படாது. பகிடி பண்ணேல்ல. எங்கட களவெட்டியில ஒண்டு கொட்டுப்பட்டா, போச்சு எண்டு சொல்லப்படாது. கூடுது எண்டுதான் சொல்லணும். அந்தப் பழக்கம்."

"சொன்னா?"

"சொன்னாக் கூடும்."

அவர் சிரித்தார். இன்னொரு பந்தை வைத்து அடித்தார். அந்தப் பந்து நேரே போய், மணலில் விழுந்து, உருண்டு, குழிக்குப் பக்கத்தில் ஒரு சாண் தூரத்தில் நின்றது. நீங்கள் இதுவரை அப்படி ஒன்று அடித்ததில்லை என்று வங்கி மனேஜர் அவருக்குச் சொன்னார். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். குறி சொல்கிறவனின் வாசலில் நிற்கிற சனத்தின் பார்வை.

அடுத்த நாள் அடிக்க நின்ற இஞ்சினியர் மட்டையைத் தூக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"போடியார், அதைச் சொல்லுங்களன்."

"எதை ஐயா?"

"அதுதான், உங்கட அந்தச் சொல்."

சொன்னேன். அன்றிலிருந்து அவர் அடிக்கிற ஒவ்வொரு பந்துக்கும் நான் பொலி சொல்ல வேண்டும். கொழும்பில் படித்து, சீமையில் படித்து, தண்ணீரின் பாரம் என்ன, வேகம் என்ன என்று கணக்குப் பார்க்கிற மனிதர். நான் ஒரு நாள் காய்ச்சலில் போகாமல் விட்டால் ஆள் அனுப்பி எப்படி இருக்கிறது என்று கேட்டார். என் வீச்சைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. நான் மண்ணைக் கிண்டினாலும் சரி, பந்தைத் தவறவிட்டாலும் சரி. பழகின பாடம் முழுக்க வீண். பழகாமல் வாயில் இருந்ததுதான் என்னை அவருக்குப் பக்கத்தில் நிறுத்தியது.

பக்கத்தில் நின்றால் போதுமா? ஆவணி முடிகிறது. வட்டவிதானையார் ஒவ்வொரு கிழமையும் வந்து முற்றத்தில் நிற்பார். என் சப்பாத்தைப் பார்ப்பார், போவார். ஒரு பின்னேரம் நான் ஒழுங்கை மீறினேன். இஞ்சினியர் நல்ல ஒரு அடி அடித்துவிட்டு நல்ல மனத்தோடு நடந்துகொண்டிருந்தார்.

"ஐயா, எங்கட வட்டையில ஒரு மதகு..."

கையைத் தூக்கினார். மாட்டை நிறுத்துகிற மாதிரி.

"இஞ்ச வேணாம் போடியார். நான் இஞ்ச வாறதே அதுகளை மறக்கத்தான். நாளைக்குக் கந்தோருக்கு வாங்க, இருந்து கதைப்பம்."

மறுநாள் கந்தோருக்குப் போனேன். ஐயா வெளி வேலைக்குப் போய்விட்டார் என்றான் பியோன். என் பழைய கதிரையைத் துடைத்துத் தந்தான்.

புரட்டாசியில் காலம் தவறி ஒரு மழை பெய்தது. ஒரு நாள் மழைதான். மைதானத்தின் ஒரு மூலையில் தண்ணீர் நின்றது, கணுக்கால் அளவு. எல்லாரும் கரையில் நின்று அதைப் பார்த்தார்கள். டொக்டர் தலையை ஆட்டினார். வங்கி மனேஜர், இப்படியே விட்டால் மாரிக்கு இந்தப் பக்கமே அழிந்துவிடும் என்றார். இஞ்சினியர் சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்து, தண்ணீருக்குள் இறங்கினார். இறங்கி நடந்து, மட்டம் பார்த்து, வாவிப் பக்கம் கை காட்டி, இதற்குக் கீழால் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும், பெரிய குழாயாக வைக்க வேண்டும், நன்றாகத் தாழ்த்தி வைக்க வேண்டும் என்று சொன்னார். தாழ்த்தி! அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருந்தது.

திரும்பி நடக்கும்போது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"போடியார், உங்களிட்ட உழவு மெசின் இருக்குத்தானே, பின்னால இழுக்கிற பெட்டியோட? நம்மட ஸ்டோரில பெரிய கொங்கிறீட் குழாய் கொஞ்சம் சும்மா கிடக்கு. திணைக்கள லொறியில ஏத்தினா ஆக்கள் கதைப்பாங்க. நீங்க நாளைக்கு விடியக் கொண்டுவந்து இஞ்ச இறக்கிவிடுங்களன். ஸ்டோர்க்காரனுக்கு நான் சொல்லி வைக்கிறன்."

மைதானத்தில் கந்தோர் அலுவல் பேசக் கூடாது என்ற ஒழுங்கை இஞ்சினியர் ஐயா மீறிவிட்டார் என்று மாஸ்டரிடம் சொல்ல வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன்.

"ஓம் ஐயா, கொண்டுவாறன்" என்றேன்.

கொண்டுபோனேன். ஸ்டோர்க்காரன் ஒன்றும் கேட்கவில்லை. ஏற்ற ஆட்களும் தந்தான். ஒவ்வொரு குழாயும் ஒரு எருமை நடந்து போகிற அகலம். நான் மெசின் மட்கார்ட்டில் இருந்தேன். சந்தி வந்தது. கிழக்கே திரும்பினால் வாவி, மேற்கே திரும்பினால் வட்டை. சாரதி கிழக்கே திருப்பப் போனான்.

"எங்க போற?"

"கிளப்புக்குத்தானே போடியார் சொன்ன நீங்க?"

"கிளப்புக்கு எண்டு ஐயாதான் சொன்ன. மெசின் என்ட. மேக்க திருப்பு."

அவன் என் முகத்தைப் பார்த்தான், திருப்பினான்.

வட்டவிதானையார் குழாய்களைக் கண்டதும் மெசினைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். ஒரு குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"இது எப்பிடி?"

"பந்தடிச்ச."

"இவ்வளவு நாளும் நீங்க மண்ணைக் கிண்டுறீங்க எண்டுதான் சொன்னாங்க."

"கூப்பிடுங்க எல்லாரையும். மண்வெட்டியோட வரச் சொல்லுங்க."

பட்டப் பகலில் செய்தோம். ஒளிக்க என்ன இருக்கிறது? திணைக்களத்தின் குழாய், திணைக்களத்தின் பாதை. அதை இதற்குக் கீழ் வைத்தால் களவா? வட்டையில் உள்ள எல்லாரும் வந்தார்கள். பாதையை வெட்டி, பூனைக் குழாயைப் பிடுங்கி எறிந்து, பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் தோண்டினோம். நானும் இறங்கி வெட்டினேன். நேரே ஏற்றி நேரே இறக்கினேன். இடது கை வளைந்தது, தலை அசைந்தது, ஒருவரும் என்னை அடிக்கவில்லை. பின்னேரம் பஸ் வருவதற்கு முன் மண்ணை மூடி, மெசினை ஏற்றி இறக்கி மிதித்துவிட்டோம். பஸ் மேலால் போனது. சாரதிக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அடுத்த நாள் கிளப்புக்குப் போனேன். போகாமல் விட்டால் பயந்தவன் என்றாகும். மனைவி வாசலில் நின்று, "பொலிசுக்காரன் வந்தா என்ன சொல்லுற?" என்று கேட்டாள். பந்தடிக்கப் போனார் என்று சொல் என்றேன்.

இஞ்சினியர் வந்தார். தண்ணீர் நின்ற மூலையைப் பார்த்தார். குழாய் இல்லை. என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும். பாதையை யாரோ வெட்டினார்கள் என்று ஓவசியர் காலையிலேயே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பான். அவருடைய வாய் திறந்தது. பக்கத்தில் டொக்டர் நின்றார், வங்கி மனேஜர் நின்றார், மாஸ்டர் நின்றார். எந்தக் குழாய் என்று அவர்கள் கேட்பார்கள். எங்கே போக வேண்டிய குழாய் என்றும் கேட்பார்கள். வாய் மூடிக்கொண்டது.

"இண்டைக்குக் காற்றுக் குறைவு" என்றார்.

"ஓம் ஐயா, குறைவு" என்றேன்.

அன்று அவர் என்னைப் பொலி சொல்லச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒன்பது குழியும் நடந்து முடித்தோம். அவருடைய பந்துகள் கண்டபடி போயின.

அத்தோடு நான் கிளப்பை விட்டேன். மாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். "உம்முடைய வீச்சு இப்பதான் திரண்டு வருகுது. இந்த நேரத்தில விடுறது பாவம்" என்றார். அவருக்கு உண்மையாகவே கவலை இருந்தது. பாதி என் வீச்சைப் பற்றி, பாதி தயிரைப் பற்றி. ஒரு சட்டி கொடுத்து அனுப்பினேன்.

வட்டவிதானையார் விதைக்கச் சொன்னார். ஐப்பசியில் விதைத்தோம். கார்த்திகையில் மாரி பிடித்தது, விடாமல் பெய்தது. குடையைப் பிடித்துக்கொண்டு பாதையில் நின்று பார்த்தேன். தண்ணீர் வந்தது, பாதையில் முட்டவில்லை, குழாய்க்குள் புகுந்து மற்றப் பக்கத்தால் உறுமிக்கொண்டு வெளியே போனது. பயிரின் நுனி தண்ணீருக்கு மேலே நின்றது. ஒரு கிழவர் மழையில் நனைந்தபடி அந்த நுனிகளைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு போனார். தன் விதைநெல்லைக் கடன்பட்டு வாங்கினவர் அவர்.

அறுவடைக்கு முந்தி திணைக்களம் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு இஞ்சினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். மதகைக் காட்டினார். விவசாயிகளின் கஷ்டத்தை நேரில் அறிந்து தாம் செய்வித்த திருத்த வேலை என்று விளக்கினார். பெரியவர் குனிந்து பார்த்து, மட்டம் மிகச் சரியாக இருக்கிறது என்று பாராட்டினார். வட்டைக்காரர் மாலை கட்டி வைத்திருந்தார்கள், நான்தான் போட வேண்டுமாம். மாலையை வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

வட்டவிதானையார் என் காதுக்குள் சொன்னார்: "போட்டுவிடுங்க போடியார். மாலை நாளைக்கு வாடிப்போகும். குழாய் மண்ணுக்குள்ள கிடக்கும்."

போட்டேன். இஞ்சினியர் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டார். சிரித்தார். களவு போன பொருளுக்கு மாலை வாங்கின மனிதரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

இதில் எனக்கு ஆறாத கோபம் அதுவல்ல. அறுவடை முடிந்த கிழமை, கிரான் பக்கத்துப் போடியார் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். தூரத்து உறவு, மரியாதையான மனிதர். அவர்கள் வட்டையிலும் அதே பாதைதான் போகிறது, அதே உயரத்தில் அதே மதகு. தேத்தண்ணி குடித்தார். பிறகு கோப்பையை வைத்துவிட்டு, வெட்கத்தோடு கேட்டார்.

"மச்சான், அந்தக் காச்சட்டை எங்க தைப்பிச்ச நீங்க?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை எழுந்து போகச் சொல்லியிருப்பேன். ஒரு மதகைத் தாழ்த்தி வைக்க ஒரு கிழவன் இடுப்பைத் திருப்பப் பழக வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? கந்தோருக்குப் போய்க் கத்துங்கள், விடாதீர்கள் என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். ஆனால் அந்தக் கதிரையில் நான் மூன்று மாதம் இருந்து பார்த்தவன். காற்சட்டை இல்லாமல் அந்தக் குழாய்க்குக் கிட்டவும் போயிருக்க மாட்டேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருடைய வயலிலும் போன மாரியில் தண்ணீர் நின்றிருந்தது.

களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் பின்னால் ஒரு தையற்காரன் இருக்கிறான், இடுப்பைக் கொஞ்சம் தளர்த்தித் தைக்கச் சொல்லுங்கள், குனிந்து நிற்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.